கோப்பில் இல்லாத இரண்டு வருடம்

டாக்டர் இயோ,
காடியோடு நீங்கள் கொடுத்த நீலக் கோப்பு
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
ஒவ்வொரு ரசீதும் பிளாஸ்டிக் உறைக்குள்,
தேதி பிசகாமல்.
பல் வைத்தியரின் கை என்று பார்த்ததும் தெரியும்.
2016 முடிந்ததும் 2019.
நடுவில் இரண்டு பல் இல்லை.
கவனித்தேன். கேட்கவில்லை.
நீங்கள் அப்போது எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தீர்கள்,
டமன்சாரா ஹைட்ஸ் மேட்டில்
எட்டு சிலிண்டரும் ஒரே தொண்டையால் கனைத்தன.

புதிதாய் இருந்தபோது ஆறு லட்சம் வெள்ளி.
எனக்கு எழுபத்தெட்டாயிரம்.
மிச்சம் ஐந்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்தை
நான் சம்பாதித்துவிட்டதாகவே நினைத்தேன்,
செந்தூல் வந்து சேரும்வரை.

இத்தனைக்கும் நான் லிஃப்ட் பராமரிப்பவன்.
கம்பிவடம் தேயும், கப்பி தேயும்,
வாங்கிய விலையைப் பார்க்காதீர்கள், வைத்திருக்கும் விலையைப் பாருங்கள்
என்று எத்தனை அடுக்குமாடிக் கூட்டங்களில்
மேசையைத் தட்டியிருக்கிறேன்.

சாலை வரி எண்ணாயிரத்து நானூறு.
கவுண்டர் பெண் திரையை இரண்டு முறை பார்த்தாள்.
"பாங், இது பஸ்ஸா?"

பின் டயர் ஒன்று ஆயிரத்து முந்நூறு.
ஒற்றையாய் மாற்றக்கூடாதாம், ஜோடியாகத்தான்,
தோடு மாதிரி.
யோகமலர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஜாலான் கூச்சிங் நெரிசலில்
நின்ற இடத்திலேயே
சிக்னலுக்கு ஒரு நாசி லெமாக் பொட்டலம் எரியும்,
முட்டையோடு.

செகாம்புட்டில் ஆ ஃபூக்
காடியைத் தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடிப்பான்.
தமிழில் 'அய்யோ' என்றால் ஆயிரம்.
சீனத்தில் என்றால் ஐயாயிரம்.
வால்வில் எண்ணெய் கசிந்த அன்று
எந்த பாஷையிலும் எதுவும் சொல்லவில்லை.
ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.
எனக்கு.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்.
இது இறந்தால்
இழுத்துப்போக முந்நூறு வெள்ளி,
இரவென்றால் ஐம்பது கூட.

எல்லாம் சரி.
ஒரு நாள் பெந்தோங்கில் ஒரு ஹோட்டல் லிஃப்ட் சிக்கிக்கொண்டது.
தனியே போகாதே என்று யோகமலரும் வந்தாள்.
திரும்பும்போது மணி இரண்டு.
செம்பா சுரங்கத்துக்குள் ஜன்னலை இறக்கிவிட்டு
இரண்டாவது கியருக்கு வந்தேன்.
சுவர் இரண்டும் சேர்ந்து உறுமியது.
அவள் சிரித்தாள், வாயைப் பொத்தாமல்.
பதினோரு வருடத்தில்
அவளிடம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.
முப்பது வினாடி.
பிறகு கோம்பாக் டோல்.

போன மாதம் விற்பனைக்கு எழுதிப் போட்டேன்.
நேற்றிரவு உங்கள் கோப்பைத் திறந்து
என் ரசீதுகளைச் செருகினேன்.
பேட்டரி. பிரேக். ஏர்கண்டிஷன்.
ஆ ஃபூக் கையால் எழுதிய பில் கடைசியில்,
எண்ணெய்க் கறையோடு,
பதினோராயிரத்து அறுநூறு.
எடுத்தேன்.
வைத்தேன்.
யோகமலர் தூங்கிவிட்டாள் என்று நினைத்து
மறுபடியும் எடுத்தேன்.

இன்று காலை கிள்ளானிலிருந்து ஒருவன் வந்தான்.
ரூபேஷ்வரன். இருபத்தாறு வயது.
தன் மைவியைத் தள்ளி, மரத்தடியில் நிறுத்தினான்,
இதன் பக்கத்தில் வைக்க வெட்கப்பட்டவன் போல.
கோப்பை நீட்டினேன்.
வாங்கி, திறக்காமல்
இதுவரை யாருமே உட்காராத பின் சீட்டில் போட்டான்.

"அண்ணே, ஒரு தடவ முறுக்குங்க."

டாக்டர்,
உங்கள் இரண்டு வருடத்தை
வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?
என்னுடையது சட்டைப்பையில்,
நாலாய் மடித்து.

முறுக்கினேன்.