இரண்டு வருகைகள் குறைவு

கன்சாஸ். கோதுமை வயல்களுக்கு நடுவே
ஒரு பல்கலைக்கழகம், ஒரு தண்ணீர்த் தொட்டி,
ரயில் நிற்காத ஒரு ரயில் நிலையம்.
செவ்வாய், வியாழன் பதினொரு மணிக்கு ஆராதனை.
வாசலில் சிறு கருவி. அட்டையைத் தேய்த்தால்
பச்சை விளக்கு கண் சிமிட்டும்:
கடவுளின் வீட்டுக்குள் நான் வந்தாயிற்று.

தேய்ப்பேன். பக்கக் கதவு வழியே வெளியேறுவேன்.
முதல் பருவம் முழுக்க
பச்சை விளக்கை மட்டுமே தரிசித்தேன்.
பிடிபட்டேன். முப்பது மணி நேரம்
உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவச் சொன்னார்கள்.
திருட்டு ஆராதனைக்கு எச்சில் தட்டு தண்டம் என்று
அறைத்தோழி கார்லீன் சிரித்தாள்.

அங்கே மலாக்கி.
சமோவாவிலிருந்து பந்து ஆடக் கடல் கடந்து வந்தவன்.
இரண்டு ஆள் அகலம். தட்டை மட்டும்
தூங்கும் பிள்ளையைப்போல் எடுப்பான்,
தன் மொழியில் எதையோ முனகியபடி.
என்ன பாட்டு என்று கேட்டேன்.
"பாட்டில்லை. பேசிக்கொண்டிருக்கிறேன்."
யாரோடு என்று நான் கேட்கவில்லை.

ஜனவரியில் உறைமழை. கம்பிகள் அறுந்தன.
கழுவும் இயந்திரம் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தது.
நானூறு தட்டுகள். இரண்டு பேர். கைபேசி வெளிச்சம்.
இருநூறாவது தட்டில் அவன் நின்றான்.
அம்மாவுக்கு நாளை இதயத்தில் கத்தி வைக்கிறார்கள்,
காலையிலிருந்து எனக்கு வார்த்தை வரவில்லை,
நீ ஜெபி என்றான்.

"நான் பக்கக் கதவு ஆள், மலாக்கி."
"தெரியும். இருந்தாலும் சொல்லு."

சோப்புக் கைகளைக் கோர்த்துக்கொண்டோம்.
தேடிப் பார்த்தேன். எனக்குள் இருந்தது
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு ஜெபம் ஒன்றுதான்,
நாலு வயதில் பசியோடு மனப்பாடம் செய்தது.
அதையே சொன்னேன்:
இந்த உணவுக்காக நன்றி,
இதைச் சமைத்த கைகளுக்காக நன்றி.
எதிரே எச்சில் உருளைக்கிழங்கு, உறைந்த குழம்பு.
கைகளுக்காக என்ற இடத்தில் அவன் விம்மினான்.
நான் சொல்ல வேண்டிய ஆமெனை
அவனே சொன்னான்.
மீதி இருநூறையும் கழுவினோம். தண்ணீர் கடித்தது.

சனிக்கிழமை தொலைபேசி வந்தது.
என்ன செய்தி என்பதை இங்கே எழுதமாட்டேன்.
நல்லதென்றால் ஜெபம் பலித்தது என்பீர்கள்,
கெட்டதென்றால் வேறு ஏதோ சொல்வீர்கள்.
எனக்கு நடந்தது அதற்கு முன்பே.
வெள்ளிக்கிழமை விடியலில்
உப்புத் தூவிய நடைபாதையில் போகையில்
யாரும் கேட்காமல்
அந்த நன்றியைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
பயந்துபோய் நிறுத்தினேன்,
அடுத்த விளக்குக் கம்பம் வரை.

சந்தேகம் போய்விடவில்லை. வேதபாட வகுப்பில்
பாதி நாள் உயர்வது என் கைதான்.
செத்த பிள்ளைகளுக்குப் பதில் புதுப் பிள்ளைகள் கொடுத்தால்
கணக்கு சரியாகிவிடுமா என்று கேட்டேன்.
மணி அடித்துவிட்டது.
ஆராதனையில் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.
பாட்டுக்கு வாய் மட்டும் அசைப்பேன்.
மௌனம் வரும்போது
முழுதாக அங்கே இருக்கிறேன்.

மே மாதம் அலுவலகத்திலிருந்து கடிதம்:
தங்களுக்கு இரண்டு வருகைகள் குறைவு.
அந்த இரண்டு நாளும் நினைவிருக்கிறது.
ஒன்றில் மழை. யாருக்கோ கதவைப் பிடித்திருந்து
அப்படியே உள்ளே போய்விட்டேன்.
மற்றதில் சீக்கிரம் வந்து, காலி மண்டபத்தில்
தனியே உட்கார்ந்திருந்தேன்.
இரண்டு நாளும் அட்டை பைக்குள்ளேயே கிடந்தது.

பணமா, தட்டா என்று கேட்டிருந்தார்கள்.
தட்டு என்று குறித்து அனுப்பினேன்.