வைத்துக்கொள்

இரவு இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது,
இரண்டு பதினொன்றுக்கு வந்துவிட்டது.
அந்த ஒரு நிமிடத்தில்
பாபுராவ் தெரு லாட்ஜில் தங்கியிருந்த
நாற்பத்தியொரு பேரும்
இன்னும் வந்துசேராதவர்கள் ஆனார்கள்.

எல்லோரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.
மூன்றாம் மாடியில் யாரோ வங்காளத்தில் இருமினார்கள்.
ஆனால் படிக்கட்டுக்கு அடியில்
துடைப்பத்துக்கும் பினாயில் கேனுக்கும் நடுவே
நான் வைத்துவிட்டுப் போன சின்ன சர்வரில்
கண்டெய்னர் மறுபடி எழுந்து
பச்சை விளக்கைக் காட்டி
கூசாமல் சொன்னது:
அறைகள் 32. காலி 32.

மேனேஜர் சம்பங்கி போனில்:
"மேடம், ஆளுங்க எல்லாம் இருக்காங்க.
உங்க மெஷின் மட்டும் யாரும் இல்லைங்குது.
யாரு எவ்ளோ அட்வான்ஸ்னு
மூஞ்சியப் பாத்தா சொல்ல முடியும்?"

தப்பு என்னுடையதுதான்.
கண்டெய்னரும் ஒரு லாட்ஜ் அறை.
ஆள் கிளம்பியதும் விரிப்பை உருவி
கட்டிலடியில் மறந்துபோன ஸ்கேன் கவரையும்
சேர்த்துக் கூட்டித் தள்ளி
அடுத்தவருக்குத் திறந்துவிடும்.
அந்த அறைக்குள்ளேயே
பதிவேட்டை வைத்தவள் நான்.

காட்பாடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தேன்.
பாலாற்றுப் பாலத்தில் ஒரு லாரியும் நானும்.
கீழே மணல்.
தண்ணீர் வராத வருடங்களிலும்
அதன் பாதையில் வேறெதுவும் ஓடவில்லை;
மவுண்ட் பாத் என்பது இதுதானோ?
(தூக்கக் கலக்கத்தில் எல்லாமே உவமை.)

இரண்டாவது டிஸ்க் எட்டு மாதமாய்
உறை பிரிக்காமல் கல்லாவுக்குக் கீழே கிடந்தது.
மாட்டினேன். அழித்துக் கோடு கிழித்தேன்.
எத்தனை முறை கரண்ட் போனாலும்
இதே இடத்தில் வந்து ஒட்டிக்கொள் என்று
ஒரு வரி எழுதினேன்.
இந்தப் பெட்டியை விட்டு வேறு பெட்டிக்குப் போகிறவன்
இதைத் தேடாதே என்று இன்னொன்று.

பிறகு விண்ணப்பம்: இருபது ஜிபி இடம் வேண்டும்.
பதில்: காத்திருப்பில்.
பத்து நிமிடம் அதையே பார்த்துத் திட்டினேன்.
அப்புறம்தான் உறைத்தது,
முதல் ஆள் பெட்டியோடு வாசலில் நிற்காமல்
அது சாவி தராது.
சம்பங்கியும் தரமாட்டார்.

ஆளை அனுப்பினேன். உள்ளே போனது, எழுத முடியவில்லை.
கதவு திறந்துதான் இருக்கிறது,
அலமாரி மட்டும் என் பெயரில்.
அதற்குப் பெயர் கிடையாது, 999 என்ற எண்தான்.
அந்த எண்ணுக்கு எழுதிக்கொடுத்தேன்.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது.
உரிமை கோரியவர் போய்விட்டால்
விட்டுச்சென்றதை என்ன செய்வது?
அழி. அல்லது, வைத்துக்கொள்.

கோட்டைக் கோயிலில் சாமி இல்லாத காலம் ஒன்று இருந்தது.
லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது என்பார்கள்.
இங்கே கருவறையில் வௌவால்,
அங்கே அது பத்திரமாய், தலைமுறை தலைமுறையாய்.
யாரோ ஒருவர், படையின் சத்தம் கேட்கும் தூரத்தில்,
இரண்டாவது சொல்லைத் தேர்ந்திருக்கிறார்.
நானும் அதையே டைப் செய்தேன்.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வரிசைக்கு
ஒவ்வொருவராய் இறங்கினார்கள்.
ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ரசீதைக் காட்டிப் பெயர் சொன்னார்கள்.
அறை 27, தபன் மண்டல். தனியாக இறங்கிவந்தார்.
எத்தனை பேர்?
இரண்டு விரல் காட்டினார்.
நான் படிக்கட்டைப் பார்த்தேன்.
"அந்தம்மா ஐசியூல மேடம், பதினோரு நாளா.
ரெண்டுன்னே போடுங்க" என்றார் சம்பங்கி.

போட்டேன்.
பிறகு என் கையாலேயே கண்டெய்னரைக் கொன்றேன்.
நாலு விநாடி.
எழுந்தது. எதுவும் நினைவில்லாத அதே பச்சை.
27-ஐத் திறந்தேன்:
இரண்டு பேர்.

டீ வந்தது.
சம்பங்கி ஒரு வாய் குடித்துவிட்டு
டிஸ்க்கை விரலால் தட்டினார்:
"இதுவே போயிட்டா?"