கீழ் எண்

நூற்று அறுபத்திரண்டு, நூற்றிரண்டு.
கைப்பட்டையிலிருந்து காற்று இறங்கி முடித்ததும்
அமலோற்பவம் கேட்டது ஒன்றுதான்:
"மேல இருக்கறது புரியுது. கீழ எதுக்கு இன்னொரு நம்பர்?"

மரப்பாலம் சந்திப்பில் ஒன்பது வருஷமாக
சிவப்புத் தொப்பிக்குள் வெயிலைச் சேமித்தவள் அவள்.
நான் கோரிமேட்டில் எக்கோ எடுக்கிறவள்.
நாளைக்கு முப்பது இதயம்,
இருட்டறை, குளிர்ந்த ஜெல்,
சாம்பல் நிறத்தில் திறந்து மூடும் ஏதோ ஒன்று.
எதையும் காதால் கேட்டதில்லை.

இதயம் ஓய்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம் அது, என்றேன்.
"சும்மா இருக்கும்போதே நூத்திரெண்டா?
எங்க ஸ்டேஷன் மாதிரி."

டாக்டர் மாத்திரை எழுதி, நடக்கவும் சொல்லியிருந்தார்.
நாள் முழுக்க ரோட்டில் நிற்கிறவள்
மறுபடி ரோட்டுக்கே போவதாக இல்லை.
லாஸ்பேட்டை உள்ளரங்குக்கு, எங்கள் ஜூடோப் பாய்க்கு வந்துவிட்டாள்.
எண் இறங்கும்வரை
யாரையும் தூக்கி எறிய அனுமதி இல்லை.
விழ மட்டும்.

விழுந்தாள்.
பக்கவாட்டில், பின்னால், தோள்வழி உருண்டு,
ஒரு மாதம் முழுக்க.
ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு,
குறுக்கே டிப்பர் லாரி வருகிற மாதிரி.
முகம் தொப்பியின் நிறத்துக்கு வரும்.
மூச்சை அடைத்து முக்கினால்
மேல் எண் படியேறாது, லிஃப்டில் போகும் என்று திட்டினேன்.
உள்ளங்கையால் பாயை அறை.
அந்த அறையோடு மூச்சையும் விட்டுவிடு.

மூன்றாம் வாரக் கடைசியில்
பட் என்று ஒரு சத்தம்.
அரங்கே திரும்பிப் பார்த்தது.
அவள் மல்லாந்து கிடந்து சிரித்தாள்.

அவள் இதயத்தைத் திரையில் பார்த்திருக்கிறேன், ஜூனில்.
இடது கீழறைச் சுவர் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
பிழிந்து அனுப்புவதில் குறை சொல்ல முடியாது.
விரிவதில்தான் தயக்கம்,
கதவைத் திறந்தும் உள்ளே வா என்று சொல்லாத வீடு.
தளர்வதற்கும் சக்தி செலவாகும் என்று
படித்திருக்கிறேன், பரீட்சைக்கு.
ரத்தத்துக்கு நீதான் டிராஃபிக் போலீஸ் என்று
ஓர் உவமையும் சொல்லிப் பார்த்தேன்.
"எங்க சிக்னல் ரிப்பேர்" என்றாள்.

ஐப்பசி மழை.
அரங்கின் கிழக்கு மூலையில் ஒழுகலுக்கு இரண்டு வாளி.
இப்போது எறியவும் அனுமதி வந்துவிட்ட அமலோற்பவம்
என்னை வீழ்த்தி, கழுத்தைச் சுற்றி அமுக்கினாள்.
இருபது நொடி தாங்கினால் அவளுக்கு வெற்றி.
என் காது அவள் விலா எலும்பில் நசுங்கியது.

அப்போது கேட்டேன்.

ஜெல் இல்லை, திரை இல்லை.
வியர்வையில் ஊறிய தடித்த துணிக்குப் பின்னால்
யாரோ அவசரமாக மாடிப்படி இறங்கும் சத்தம்.
நான் திமிறவில்லை. எண்ணினேன்.

"ஏன் தப்பிக்கல?"
"ஐம்பத்திரண்டு."
"என்னது?"
இரு, என்று ஒரு நிமிடம் அவளைப் படுக்க வைத்து
மறுபடி காதை வைத்தேன்.
யாரும் அவசரமாக இறங்கவில்லை.
ஒவ்வொரு படியிலும் நின்று
வாளியில் மழை சொட்டுவதைக் கேட்டு
அடுத்த படிக்குப் போனார்கள்.

மார்கழியில் நூற்று முப்பத்தாறு, எண்பத்தாறு.
மாத்திரை நிற்கவில்லை, நிறுத்தவும் கூடாது.
சுவர் பதினொன்றரை.
அளக்கிறவளின் கைப்பிழையாகவும் இருக்கலாம்.

"உனக்கு எவ்ளோ, எக்கோ?"
யாரும் என்னைக் கேட்டதில்லை.
பட்டையை அவளே சுற்றினாள்,
கொஞ்சம் கோணலாக. பொத்தானை அழுத்தினாள்.
நூற்று நாற்பத்தெட்டு. கீழே தொண்ணூற்றெட்டு.
கோணலால் இருக்கும் என்று சரியாகச் சுற்றிப் பார்த்தோம்.
தொண்ணூற்றெட்டு.

கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தாள்.
"சும்மா இருக்கும்போது
நீ என்னதான் பண்ற?"

பதில் தெரியவில்லை.
பாய்க்குப் போய்
பின்பக்கமாக விழுந்தேன்.