நாபோத்தின் தோட்டம், கல்லாறு

கடல் வந்த வருஷத்து உப்புக்கோடு
அரசனின் முழங்காலில் நிற்கிறது.
அதற்குக் கீழே சாயம் வெளிறி
செருப்பா காலா தெரியவில்லை.

போர்ட் எழுதுகிற அருளப்பு
பலகையில் வரைந்த படம்.
திராட்சைக்கொடியை அவன் கண்டதில்லை:
பாகல் பந்தலில் ஊதாக் காய் தொங்குகிறது.
ஆகாப் முதுகுக்குப் பின்னால்
அளவுக் கயிறொன்றை ஒளிக்கிறான்.
வேதத்தில் கயிறு இல்லை.
எலியா ஓடிவந்த மூச்சோடு
வாய் திறந்து, கை நீட்டி.

நாபோத்தைக் காணோம்.
மூலையில் கிடந்த கற்குவியலை
முதலில் பூசணிக்காய் என்றுதான் நினைத்தேன்.

படம் திருத்தச் செலவு எவ்வளவு
எழுதித் தர வந்தவன் நான்.
வாரநாளில் காணிக் கந்தோர்.
இருநூற்றுப் பதினாலாம் துண்டு
கையெழுத்துக்காக என் மேசையில் கிடக்கிறது.

எலியாவின் சுட்டுவிரலைக் கறையான் தின்றுவிட்டது.
மிச்சக் கை எங்கே போகிறதென்று
கண்ணால் கோடு இழுத்தேன், தொழில் பழக்கம்.
அரசனுக்கு ஒரு சாண் தள்ளி,
சட்டத்துக்கு வெளியே,
மூன்றாம் வாங்கு.
நான் பேனையோடு இருந்த இடம்.

எழும்பி மற்றப் பக்கம் போய் இருந்தேன்.

விரலுக்கு எவ்வளவு முடியும் என்று
சிஸ்டர் மெற்றில்டா கேட்டார்.
விரல் அப்படியே கிடக்கட்டும்,
சட்டத்தை மட்டும் மாற்றலாம் என்றேன்.