எண்பத்தாறு மில்லிமீட்டர்

யாந்த்ரா ஆற்றுக்கு மேலே
பதினோராவது வளைவில் அந்த நீலக் கதவு.
கிளெனிஸ், டெரிக்.
பர்மிங்காம்காரர்கள்.
வாங்கியபோது வீட்டுக்குப் பாதிக் கூரைதான் இருந்தது.
அவர்கள் முதலில் ஓடு வேய்ந்தது கொட்டகைக்கு.

உள்ளே வெலோசெட் வெனம்,
ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி,
கறுப்பில் தங்கக் கோடு.
அடியில் ஒரு கேக் தட்டு, சொட்டும் எண்ணெய்க்கு.
"ஒழுகுதே" என்றேன், பார்சலை நீட்டியபடி.
"மூச்சு விடுது" என்றாள் கிளெனிஸ்.

ஓட்டுவது அவள்தான்.
டெரிக் இருபது வருஷம் உதைத்துப் பார்த்ததில்
கணுக்காலில் ஒரு தழும்பு மிச்சம்.
அவளோ
பேச்சை நிறுத்தாமலே பெடலை மெல்ல அழுத்தி
எங்கே முட்டுகிறது என்று பாதத்தால் விசாரிப்பாள்.
வால்வு நெம்புகோலைப் பிடித்து
ஒரு மயிரிழை கீழே தள்ளுவாள்.
பிறகு மொத்த உடம்பும் ஒரே இறக்கம்.
மீன்வால் சைலன்சரில் அடிவயிற்றுக் குரல் எழும்.
என் அரசாங்க மொபெட்
வேலியோரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும்.

மாதம் ஒரு பார்சல், அவள் தங்கை அனுப்புவது.
பிரவுன் சாஸ். பட்டாணி டப்பா. கஸ்டர்ட் பவுடர்.
நடுவே செய்தித்தாளில் சுற்றிய கார்புரேட்டர் ஜெட்.
ஒருமுறை மார்மைட்டை ரொட்டியில் தடவித் தந்தார்கள்.
கியர்பெட்டியில் வடித்ததோ என்று
தட்டையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தேன்.
"நன்றாயிருக்கிறது" என்றேன்.
தபால் ஊழியர் பொய் சொல்லக் கூடாது என்று
விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை.

டெரிக்கின் எழுபதாவது பிறந்தநாளுக்கு
ஒரு பன்றிக்கறிப் பை வரவேண்டியிருந்தது.
வந்தது ஒரு காகிதம்:
அந்நிய நாட்டு இறைச்சி, எல்லையில் பறிமுதல்,
பெறுநர் இங்கே கையெழுத்திடவும்.
பெட்டியில் கேஸ்கட் மட்டும் பத்திரமாக இருந்தது.
என் பையில் அவர்கள் பை இல்லை.
இழவுச் சீட்டில் போடுவதுபோல்
கிளெனிஸ் மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.
டெரிக் ஒன்றும் சொல்லவில்லை.
கேஸ்கட்டை வெளிச்சத்தில் உயர்த்தி
அதன் ஓட்டை வழியே மலையைப் பார்த்தார்.

அந்த வாரம்தான் என் அண்ணன் ஸ்தொய்லோ
பன்றி அடித்தான்.
தபால் விதிகளுக்கு முற்றிலும் விரோதமாக
கடிதங்களுக்குக் கீழே மூன்று கிலோ தோள்கறி,
ஒரு கட்டிக் கொழுப்பு.

கொதிநீரில் கொழுப்பை உருக்கி மாவு பிசைந்தார் டெரிக்.
சூடு ஆறும் முன் சுவர் எழுப்ப வேண்டுமாம்,
உள்ளே நிறுத்த ஓர் உருளை வேண்டுமாம்.
ஜாடி சிறிது. உருட்டுக்கட்டை ஒல்லி.
கிளெனிஸ் எழுந்து கொட்டகைக்குப் போனாள்.
திரும்பியபோது கையில் பழைய பிஸ்டன்.
நான்கு தடவை சோடாவில் கொதித்தது.
நான்காவது தண்ணீரை அவரே முகர்ந்து பார்த்தார்.
வளையப் பள்ளங்களில் கொழுப்பை அப்பி,
மாவை மேலே இழுத்து, இழுத்து—
பிஸ்டன் வெளியே வர மறுத்தது.
"பிடித்துக்கொண்டது" என்றாள் அவள்,
இன்ஜினுக்குச் சொல்லும் அதே குரலில்.
மூன்றாவது திருகலில் வந்தது.

மூடியில் துளை. வெந்து ஆறிய பின்
எண்ணெய் ஊற்றும் புதுப் புனல் வழியே எலும்புச் சாறு.
விடியும்வரை அது உறைய வேண்டும்.
நான் வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வந்தேன்,
தபால் எதுவும் இல்லாமலே.

வெட்டினார்.
ஓட்டின் உட்சுவரில் லேசாக, மிக லேசாக,
மூன்று வரம்புகள்.
விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.
கிளெனிஸ் மென்றாள்.
"மிளகு போதாது" என்றாள்,
அடுத்த துண்டுக்குக் கை நீட்டியபடி.

அன்று பனி. மொபெட் கிளம்பவில்லை.
வெனத்தின் பின்சீட்டில்
பதினோரு வளைவும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன்.
மடியில் சூடில்லாத கால் பை,
அதற்கடியில் கையெழுத்திட்ட அந்தக் காகிதம்.

மேலதிகாரி அதை விளக்கில் பிடித்தார்.
மூலையில் கண்ணாடிபோல் ஒரு கறை.
"இது என்ன, இன்ஜின் எண்ணெயா, பன்றிக் கொழுப்பா?"
வாங்கி முகர்ந்து பார்த்தேன்.
இரண்டு முறை.
பிறகு, விதிப்படி,
தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.