பன்னிரண்டாம் வாரம்

காதில் மஞ்சள் வில்லை. எண் நாற்பத்துநான்கு பதினேழு.
இடது பின்னங்காலில்
மூன்று சென்டிமீட்டர் எலும்பு இல்லை.
விபத்தல்ல. நாங்கள்தான் எடுத்தோம்,
அளந்து, ரம்பத்தால்.

எடுத்த இடத்தில் ஒரு கட்டி வைத்தோம்.
சுண்ணாம்புச் சத்தில் அச்சிட்ட கடற்பஞ்சுபோல் இருக்கும்;
அதன் துளைகளில் அந்த ஆட்டின் மஜ்ஜையிலிருந்தே
வளர்த்தெடுத்த செல்கள்.
மேலே எஃகுத் தகடு, எட்டுத் திருகு.

ஒன்பதாம் நாள்
அது நான்கு காலிலும் நின்று
வைக்கோலைப் பார்த்துக் கத்தியது.
அறுவை மருத்துவர் வெண்டெலின் ஓடிவந்ததில்
கோப்பையில் காபி மிஞ்சவில்லை.

ஆறாத புண் ஆறு வாரத்தில் தெரிந்துவிடும் என்பார் அவர்.
அவர் பொறுத்திருந்தார்.
எலும்புக்கு அந்த அவசரம் ஏதும் இல்லை.

மூன்றாம் வாரம் ஊசியில் பச்சைச் சாயம்.
ஆறாம் வாரம் சிவப்பு.
ஒன்பதில் மஞ்சள்.
அன்றைக்கு எலும்பு எங்கே கட்டிக்கொண்டிருந்ததோ
அங்கே மட்டும் போய்ப் படியும்,
வெள்ளம் வடிந்த சுவரில் கோடு தங்குவதுபோல.

என் பெயர் மெங்கியா. என் வேலை அதற்கப்புறம்.
என் மேசைக்கு எலும்பு வரும், ஆடு வராது.
பிசினில் உறையவைத்து
வைர ரம்பத்தில் மயிரிழை கனத்துக்குச் சீவுவேன்.
வெளியே தாவோஸில் பனி; உள்ளே விளக்கணைத்து
நீல ஒளியைப் பாய்ச்சினால்
பச்சை, ஓரத்தில் பயந்தாற்போல்.
சிவப்பு, துளைகளுக்குள் துழாவியபடி.
மஞ்சள் நடுவில்,
எதிர்ப்பக்கத்து மஞ்சளோடு.

கூடியது / கூடவில்லை.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
முதல் கட்டத்தில் குறியிட்டேன்.
குணமானதா என்று உறுதியாகத் தெரிய
வேறு வழி இன்னும் எங்களுக்குத் தெரியாது.

ரிஷ் தொலைபேசியில் கேட்டார்.
பிரெட்டிகாவில் அவருடைய மந்தை,
ஆடுகள் அவரிடமிருந்துதான்.
கால் கூடிச்சா?
கூடிடுச்சு.
நடந்துச்சா?
ஓடுச்சு.
கொஞ்ச நேரம் மணிச்சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு சொன்னார்:
கசாப்புக்கு நான் நொண்டியைத்தான் முதல்ல அனுப்புவேன்.
நீங்க நொண்டியை நடக்க வெச்சு அனுப்புறீங்க.

கோபமா என்று தெரியவில்லை.
அடுத்த மாதத்துக்கு ஆறு ஆடு என்று குறித்துக்கொண்டார்.

கூரில் ஒரு மருத்துவமனை வார்டில்
கூரையிலிருந்து விழுந்த ஒருவருக்கு
இந்தக் கட்டியை ஒருநாள் வைப்பார்கள்.
வெண்டெலின் அடிக்கடி அவரைப் பற்றிச் சொல்வார்.
இன்னும் விழாதவராகவும் இருக்கலாம் அவர்.

இதை யாரிடமும் சொல்லவில்லை:
கடைசி நாள் ஆள் போதவில்லை,
தலையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள்.
வழக்கமில்லை, போனேன்.
கதவருகே அது திமிறித் திரும்பி
என் முழங்காலுக்குக் கீழே உதைத்தது.
இடது பின்னங்கால். அதே கால்.
முழு பலத்தோடு, ஒரு தயக்கமும் இல்லாமல்.

அந்த உதைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

முதலில் நீலம்.
பிறகு பச்சை.
எந்த ஊசியும் இல்லாமல் மஞ்சள்.
பதினோரு நாள் என் காலில் இருந்தது.