தாய்ப்பத்திரம்

பொருள் எண் நூற்றுப் பதினேழு.
மான்டானா, லூயிஸ்டவுன். சனிக்கிழமை ஏலம்.
டார்லீன் துப்பாக்கியை மேசையில் கிடத்தி
"யார் யார் கையில் இருந்தது, ஒரு பக்கம் எழுது" என்றாள்.

அருப்புக்கோட்டை சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே
பதினொரு வருஷம் பத்திரம் எழுதியவன் நான்.
வீட்டுமனைக்கு முப்பது வருஷ வில்லங்கம் பார்ப்போம்.
துப்பாக்கிக்கு எத்தனை வருஷம் என்று
இங்கே சொல்ல ஆளில்லை.

சொத்து விவரம்:
இடப்பக்கத் தகட்டில் ஓர் எல்க் மான்.
செதுக்கியவன் கனெக்டிகட்டைத் தாண்டாதவன்,
கொம்பைப் படத்தில் பார்த்து
முகத்தைப் பக்கத்து வீட்டுப் பசுவிடம்
கடன் வாங்கியிருக்கிறான்.
வலப்பக்கம் திராட்சைக் கொடி.
பிடியில் காய்ந்த தோல் சுற்றி, பத்தொன்பது தையல்.

தாய்ப்பத்திரம் 1884:
அலான்ஸோ டட்டில், மாட்டுப் பண்ணை.
கொடிக்கும் மானுக்கும் தனியாக முப்பத்தைந்து டாலர்.
மூன்றாம் வருஷப் பனியில்
அவன் மாடுகள் நின்ற வாக்கிலேயே செத்தன.
ஏழு வாரச் சாப்பாட்டு பாக்கிக்கு
விடுதிக்கார ஹெட்விக் ஸ்ட்ராண்டிடம் அடகு.
கட்டிலுக்கடியில் வெங்காய மூட்டையோடு கிடந்து
அடகு மூழ்கியது.

அடுத்த கிரயத்துக்குப் பத்திரம் இல்லை:
நாலு வண்டி விறகு, ஒரு கிடாரிக் கன்று,
அவள் கணக்கு நோட்டில் ஒரு வரி.
வாங்கியவர் இசிடோர் அசூர்,
மெட்டி இனத்து வண்டிக்காரர்.
பிடி விரிசல் விட்டபோது
பச்சைத் தோலை நனைத்து இழுத்துத் தைத்திருக்கிறார்.
காய்ந்து இரும்பாகிவிட்டது.
பழைய விலைப்பட்டியல் ஒன்று சொல்கிறது:
'பிடியில் பழுது. யாரோ செய்த நாட்டு வேலை.'

1908. ஷெரிஃப் ப்ளோஜெட் ரசீது கேட்டார்.
கன்றுக்குட்டியிடம் ரசீது இல்லை.
கவுண்டிப் பதிவேட்டில் மை மங்கிய குறிப்பு:
'உரியவர் கேட்டால் திருப்பித் தரவும்.'
உரியவர் கேட்டிருக்கிறார்.
ஓரத்தில் பென்சிலில் மூன்று தேதிகள்.
நான்காவது தேதிக்கு நேரே
'மனைவி வந்தாள்.'
அதற்கப்புறம் காகிதம் வெள்ளை.

ப்ளோஜெட் வீட்டில் எல்லாம் சுத்தம்:
உயில், பாகப்பிரிவினை, தானம்.
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்,
சூரிய சந்திரர் உள்ளவரைக்கும்,
யாதொரு வில்லங்கமும் இல்லாமல்.

ஊரில் அந்த வாக்கியத்தை
ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், கை கூசாமல்.
இந்த முறை எழுதவில்லை.
தேதிகளை வரிசையாகப் போட்டு
டார்லீனிடம் நீட்டினேன்,
வெட்டச் சொல்வாள் என்று.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"அட! இதைத் தூக்கி மேலே போடு.
கதையோடு வந்தால் நாலாயிரம் கூடும்."

கூடியது.
கடைசி வரிசையில் ஒரு பெண்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடச் சீருடை,
அட்டை எண் அறுபத்தொன்று.
ஆயிரத்து ஐந்நூறு வரை யோசிக்காமல் தூக்கினார்.
இரண்டாயிரத்தில் பர்ஸைத் திறந்து பார்த்தார்.
இரண்டாயிரத்து இருநூறில்
அட்டை மடியில் கவிழ்ந்தது.
டெக்சாஸிலிருந்து ஒரு போன் ஏறிக்கொண்டே போனது.
ஆறாயிரத்து நானூறு. சுத்தியல்.

பெயர்ப் பட்டியலை அப்போதுதான் பார்த்தேன்.
61: லொரெய்ன் அசூர்.

நான் எழுதாமல் விட்டிருந்தால்
பெயரில்லாத பழுதோடு
இரண்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

கூட்டம் கலைந்தபின் மேசைக்கு வந்தார்.
தொடலாமா என்றார்.
வெள்ளைக் கையுறையை எடுத்து நீட்டப் போய்
நீட்டாமல் வைத்துவிட்டேன்.
மானைப் பார்க்கவில்லை.
கொடியையும் பார்க்கவில்லை.
கட்டைவிரலால் தோலைத் தடவிக்கொண்டு
உதடு அசைய எண்ணினார்.

"பத்தொன்பது என்று போட்டிருக்கிறீர்கள்.
இருபது.
விசைக்காப்புக்கு அடியில் ஒன்று."